முதற்குடி என்னும் பெருமை

ஸ்காட்லாந்து நாட்டின் வடகோடியிலே, சதர்லாந்து என வழங்கும் பகுதியின் மலைச்சரிவுகளில், ஹெதர் என்னும் குறும்புதரும் பெரணியும் மண்டிய தரிசுகளின் நடுவே, முழங்கால் உயரமும் எட்டாத வட்டக் கரைகள் புல் மூடிக் கிடக்கின்றன. வழிச் செல்வோர் பலர் அவற்றை மிதித்துக் கடந்துவிடுவர். பொழுது சாயும் வேளையில் நிழல் நீளும்போதுதான் அவை மனிதர் கையால் அமைந்தவை என்பது புலப்படும். நம் நாட்டுக் கல்வட்டங்களைக் கண்டு பழகியவர்க்கு அவை இறந்தோரைப் புதைத்த இடங்களாகவே தோன்றும். அவ்வாறன்று. அவை உயிரோடிருந்தோர் குடியிருந்த வீடுகள். தொல்பொருள் ஆய்வாளர் அவற்றைக் குடில் வட்டங்கள் என்பர். ஸ்காட்லாந்து முழுவதிலும் இத்தகையவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

ஒரு குடிலின் குறுக்களவு பெரும்பாலும் 20 அடி முதல் 40 அடி வரை. கல்லும் மண்ணும் புற்கட்டியும் அடுக்கிய தடித்த சுவர், உள்ளே வட்டமாக நட்ட மரத்தூண்கள், அவற்றின்மேல் கூம்பு வடிவக் கூரை, நடுவில் அடுப்பு. வாயில் பெரும்பாலும் தென்கிழக்கையோ தெற்கையோ நோக்கியிருக்கும். குளிர்காலத்துச் சிறு பகலில் காலைக் கதிர் உள்ளே விழவேண்டும் என்பதற்காகவா, காற்றுக்கு அஞ்சியா, அன்றி ஏதேனும் சமயக் கருத்தினாலா என்பதில் அறிஞர்கள் தம்முள் மாறுபடுகின்றனர். தூண் உளுத்தபோது அதே இடத்தில் மறுபடியும் தூண் நட்டிருக்கின்றனர். லேர்க் என்னும் ஊரை அடுத்த அக்கனிப் பள்ளத்தாக்கில், சாலைப் பணியை முன்னிட்டு 1988 முதற்கொண்டு நடந்த விரிவான அகழாய்வு, இவ்வீடுகளின் காலம் இற்றைக்கு 3500 ஆண்டுகட்கும் அப்பாற் செல்வதைக் காட்டிற்று. கில்டோனன் பள்ளத்தாக்கிலே கில்ஃபெடிர் என்னுமிடத்துக் குடில்கள் பிந்தியவை. பகவான் புத்தர் காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளிலும் அதற்குப் பின்னரும் அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது.

வீடுகளைச் சுற்றிலும் வயல்களின் எச்சம் கிடக்கிறது. வரப்பு என்று சொல்லத்தக்க தாழ்ந்த கரைகள் சில. அவற்றிலும் மிகுதியாக, நூற்றுக்கணக்கில் சிறு சிறு கற்குவைகள். மரக்கலப்பைக்கு இடையூறாகிய கல்லைப் பொறுக்கி ஓரிடத்தில் இட்டனர். அடுத்த ஆண்டு உறைபனி மண்ணைப் புரட்டி வேறு கல்லை மேலே கொணர்ந்தது, அதனையும் பொறுக்கினர். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்த வேலையே அக்குவைகள். விளைந்தது வாற்கோதுமை, அரைத்தது நம் அம்மியை ஒத்த கல்லிலே. அடுப்புச் சாம்பலையும் வீட்டுக் குப்பையையும் வயலில் கொட்டி எருவாக்கினர் என்பதை மண்ணாய்வு தெரிவிக்கிறது. முன்னாளில் இக்குவைகளைக் கண்டோர் இவை கல்லறைகளாகும் எனக் கருதித் தோண்டினர். பெரும்பாலானவற்றில் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. சிலவற்றின் அடியில் மட்டும் எரிந்த எலும்பு இருந்தது. ஆகவே வெளியிலிருந்து நோக்குவோனுக்கு, இது உழவன் ஒதுக்கிய கல்லா, அவ்வுழவனையே மூடிய கல்லா என்று பிரித்தறிய இயலாது. எரிக்கப்படாத எலும்பை அந்நாட்டுப் புளித்த மண் கரைத்துவிடுகிறது. அம்மக்கள் பேசிய மொழி தெரியாது. ஒருவர் பெயரேனும் தெரியாது.

இத்துணைத் தொலைவிலுள்ள மலைச்சரிவொன்றை நம் இதழில் விரித்துரைப்பானேன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் கூறுகின்றோம். எம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஓர் இளைஞர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினார். “ஐயா, இந்நாட்டின் முதற்குடிகள் நாமே என்றும், ஆதியில் பௌத்தராயிருந்தவர்களும் நாமே என்றும் சொல்கிறோம். அதனாலேயே தலைநிமிர்கின்றோம். நாளை ஒருவர் மண்ணைத் தோண்டியோ, குருதியைச் சோதித்தோ, அது அப்படியன்று என்று நிறுவிவிட்டால், நாம் மறுபடியும் தலைகுனிய வேண்டுமா?” என்றார். கூடியிருந்தோர் சிலர் சினந்தனர். எமக்கோ அது மிக நேர்மையான வினாவாகத் தோன்றிற்று. நமக்கு மிக நெருங்கிய பொருளை நெருக்கத்திலேயே வைத்து ஆராய்ந்தால் உணர்ச்சி கண்ணை மறைக்கும். ஆகையால் நமக்கு உறவோ பகையோ இல்லாத ஒரு நிலத்தில் வைத்து அவ்வினாவை எடை போட்டுப் பார்க்க விழைந்தோம்.

குடில் வட்டங்களைக் கட்டியோர் அம்மலையின் முதற்குடிகளா? லேர்க்கிற்கு மேலே ஓர்ட் என்னும் குன்றின் உச்சியில், குடில்களினும் மிகப் பழைய கல்லறைகள் இரண்டு உள்ளன. பெருங்கற்களால் அறை அமைத்து மேலே கல் குவித்தவை. குடில்வாசிகள் அக்கல்லறைகளுக்குக் கீழே, அவற்றைக் கண்முன் கண்டுகொண்டே உழுதனர். தம் பாட்டன்மார் கட்டியவை என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவும் கூடும். ஆயின் 2018இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வேறு சேதி கூறுகிறது. இற்றைக்கு ஏறத்தாழ 4500 ஆண்டுகட்கு முன் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குள் வந்த மக்களின் வழி, சில நூற்றாண்டுகளுக்குள் அத்தீவின் பழைய மரபில் பத்தில் ஒன்பது பங்கை மாற்றிவிட்டது என்பது அதன் முடிவு. பெருங்கல்லறை கட்டியவர் வேறு; குடில் கட்டியவரின் முன்னோருள் பெரும்பாலார் வேறு. கல்லறை கட்டியவரேனும் முதல்வரா எனின் அதுவும் இல்லை. அவர்களும் விதையும் கால்நடையும் கொண்டு கடல் கடந்து வந்தவரே. அவர்கட்கு முன் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தோர் இருந்தனர். அவர்கட்கு முன்னே பனிப்பாறை. பனிப்பாறைக்கு எவரும் உரிமை கோரவில்லை.

முதல் என்பதைத் தேடிச் செல்வோன் வெங்காயத்தை உரிப்பவனைப் போலாவான் என்பது பழமொழி போன்ற உண்மை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. அக்கனிப் பள்ளத்தாக்கில் ஒரே இடத்தில் நூற்றாண்டுகள் இடைவிட்டு எழுந்த வீடுகளைக் கட்டியோர் ஒரே மக்களா, வேறு மக்களா? ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது சுடர் அதுவேயும் அன்று, முற்றிலும் வேறும் அன்று என்று நம் நூல்கள் உயிர்த்தொடர்ச்சியைப் பற்றிக் கூறுமே, அதனையே குடிமரபுக்கும் கூறலாம். மாறாத ஆன்மா ஒருவனிடத்தே இல்லை என்று ஒப்பியபின், மாறாத ஆன்மா ஒரு குலத்தினிடத்தே உண்டு என்று கொள்வது எங்ஙனம் பொருந்தும்? குலம் என்பதும் ஐந்து கந்தங்களின் கூட்டத்தைப் போன்றதொரு கூட்டமே.

ஈண்டு அக்கஞ்ஞ சுத்தத்தை நினைவுகூர்தல் தகும். தீக நிகாயத்தில் உள்ள அச்சுத்தம் உலகத் தோற்றத்தைக் கூறுவது என்று பலரும் அறிவர். அது எந்தச் சூழலில் கூறப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிராமண குலத்திற் பிறந்து சங்கத்தைச் சேர்ந்த வாசெட்டர், பாரத்துவாசர் என்னும் இருவரை அவர்தம் குலத்தார் இழித்துரைத்தனர். அதனைக் கேட்ட பகவான், பிறப்பால் உயர்வு என்பதன் வேரை அறுக்கவே அக்கதையைத் தொடங்கினார். மக்கள் தாமே விளைந்த அரிசியை நாள்தோறும் வேண்டுமளவு கொணர்ந்து உண்டனர், ஒருவன் சோம்பலால் இரண்டு வேளைக்குச் சேர்த்தெடுத்தான், பிறர் அவனைப் பின்பற்றினர், அரிசி குன்றிற்று, உடனே நிலத்தைப் பங்கிட்டு எல்லை இட்டனர், எல்லை வந்தபின் களவு வந்தது, களவின்பின் பொய், பழி, தண்டம், அதன்பின்னரே அரசன். இக்கதையில் எங்கேயும் ‘முதலில் வந்தவன்’ என்று ஒருவன் பெருமை பெறுவதில்லை. எல்லை இட்டவனும் இடாதவனும் ஒரே கூட்டத்தினர்.

ஸ்காட்லாந்தின் மலைச்சரிவில் இதற்கு ஒரு விளக்கவுரை கிடக்கிறது என்போம். அங்குள்ள வரப்புகளிற் பல, வேலி நோக்கத்தோடு எழுப்பியவை அல்ல. உழும் நிலத்திலிருந்து ஒதுக்கிய கல்லும், சரிவில் வழிந்த மண்ணும் வயலின் ஓரத்திலே சேர்ந்து சேர்ந்து தாமே கரையாயின. அஃதாவது, எல்லை அங்கே உழைப்பின் மிச்சமாகப் பிறந்தது. ‘எனது’ என்னும் சொல் அதன்மேல் ஏறியது பிறகு. இவ்வளவு நுட்பமாக ஒரு கற்குவையிலிருந்து முடிவு கட்டலாமா என்று ஆய்வாளர் எம்மைக் கடிந்துகொள்ளக்கூடும். வீடுகள் ஏறக்குறைய ஓரளவினவாயிருப்பதைக் கொண்டு அங்கே உயர்வு தாழ்வு இல்லை என்று முடிவு கட்டுவோரை யாமும் ஒப்போம். அடிமையும் ஆண்டையும் ஒரே கூரையின்கீழ் உறங்கியிருக்கவும் கூடும். எனினும் எல்லையைப் பற்றிய கருத்தை விட்டுவிட மனம் வரவில்லை.

அம்மக்கள் பின்னர் மேட்டு நிலங்களை விட்டு நீங்கினர். காட்டை வெட்டியதால் மண் வளம் குன்றிற்று. மழையும் குளிரும் மிகுந்தன. நீர் தேங்கி, பீட் என்னும் கரிச்சேறு வயல்களின்மேல் வளர்ந்தது. ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலை வெடித்ததால் ஒரே வீச்சில் மலைநாடு காலியாயிற்று என்று சிலர் எழுதினர். லேர்க் ஆய்வு அத்தகைய திடீர் அழிவை மெய்ப்பிக்கவில்லை. சிறிது சிறிதாக, இங்கொரு வயலும் அங்கொரு வீடுமாகக் கைவிடப்பட்டன. சில வீடுகள் கைவிடப்பட்டபின் அவற்றின் தளத்தையே மற்றவர் உழுதனர்.

நிற்க. அதே பள்ளத்தாக்குகளில் மற்றோர் அடுக்கு எச்சம் உண்டு. அதற்குப் பெயரும் நாளும் உண்டு. சென்றுபோன குடில்வாசிகளுக்கு ஈராயிரம் ஆண்டுகட்குப் பின், கேலிக் மொழி பேசிய ஏழைக் குடியானவர் அங்கே வாற்கோதுமையும் ஓட்ஸும் விளைத்து மாடு மேய்த்து வந்தனர். நிலமோ சட்டப்படி சதர்லாந்துச் சீமாட்டிக்கு உரியது. ஆட்டுப்பண்ணை வைத்தால் வாடகை மிகும் என்று கணக்கிட்ட அவ்வெஸ்டேட்டு நிர்வாகம், 1813இல் கில்டோனனிலும், 1814இலும் 1819இலும் ஸ்ட்ராத்நேவரிலும் குடிகளை வெளியேற்றிற்று. அவர்கள் திரும்பி வாராதிருக்கும் பொருட்டுக் கூரைகளைப் பிரித்தும் கொளுத்தியும் விட்டனர். பேட்ரிக் செல்லர் என்னும் அதிகாரி, ஏறத்தாழ நூறு வயதினளாய்ப் படுக்கையிற் கிடந்த ஒரு கிழவி இருந்த வீட்டிற்குத் தீ வைத்தான் என்பது உள்ளிட்ட குற்றங்களுக்காக 1816இல் இன்வர்னெஸ் நகரில் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றான். ரோசல் என்னும் வெறிச்சோடிய ஊரைத் தொல்லியல் அறிஞர் ஃபேர்ஹர்ஸ்ட் 1962இல் அகழ்ந்து ஆராய்ந்தார். குடில் வட்டமும் எரிந்த ஊரும் இன்று ஒரே மலையில் ஒரே புல்லின்கீழ்க் கிடக்கின்றன. வேலியற்ற இடங்களில் இரண்டின்மீதும் ஆடுகள் மேய்கின்றன.

அக்குடியானவர் தம் உரிமையை எதன்மீது நிறுத்தினர்? தூகஸ் என்று தம் மொழியில் அவர்கள் அதனை வழங்கினர். எம் முன்னோர் வழிவழியாக இம்மண்ணில் இருந்தனர், ஆதலின் இங்கே இருக்க எமக்கு முறையுண்டு என்பது அதன் பொருள். சட்டம் அதனை ஏற்கவில்லை. சட்டம் கேட்டது காகிதம். காகிதம் சீமாட்டியிடம் இருந்தது. நம் மனம் இயல்பாகவே குடியானவர் பக்கம் சாய்கிறது. சாய்தல் சரியே. ஆயினும் எந்தக் காரணத்தால் சரி என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முன்னோர் இருந்தனர் என்பதனாலேயே அவர்களை வெளியேற்றியது தீமை எனின், ஒரு கேள்வி எழும். அப்பள்ளத்தாக்கில் முந்தின ஆண்டுதான் வந்து குடியேறிய ஒரு நாடோடிக் குடும்பம் இருந்ததாகக் கொள்வோம். அவர்கட்கு அங்கே பாட்டனும் இல்லை, கல்லறையும் இல்லை. பனிக்காலத்து விடியலில் அவர்கள் தலைக்குமேல் உள்ள கூரையைக் கொளுத்துவது குறைந்த பாவமாகுமா? ஆகாதன்றோ? தீயிற் சுடும் உடல் எத்தனை தலைமுறை அங்கிருந்தது என்று தீ கேட்பதில்லை. ஆகவே அச்செயலின் தீமை, எரித்தவனுடைய பேராசையிலும், எரிக்கப்பட்டவருடைய துன்பத்திலும் இருக்கிறது. வருகைப் பட்டியலில் யார் பெயர் முன்னே உள்ளது என்பதில் இல்லை. செயலைச் செயலாக்குவது சேதனை என்னும் உள்ளக்கிடக்கையே என்று பகவான் அருளியதன் பொருளை இவ்விடத்திற் பொருத்திப் பார்க்க.

இதன் தொடர்ச்சி இன்னும் கசப்பானது. கில்டோனனிலிருந்து வெளியேற்றப்பட்டோருள் ஏறத்தாழ நூறு பேர், 1813இல் செல்கர்க் பிரபு ஏற்பாடு செய்த கப்பலில் வட அமெரிக்காவுக்குச் சென்றனர். வழியில் கப்பலிலே காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். எஞ்சியோர் ஹட்சன் குடாக் கரையில் பனிக்காலத்தைக் கழித்து, பனியில் நெடுந்தூரம் நடந்து, 1814இல் செவ்வாற்றங்கரையை அடைந்தனர். இன்று கனடாவின் வினிபெக் நகரில் கில்டோனன் என்னும் பெயர் வழங்குவது அவர்களால். ஆயின் அச்செவ்வாற்றங்கரை வெற்று நிலமா? அன்று. அது சால்ட்டோ, கிரீ முதலிய பழங்குடியினரும் மெட்டிஸ் மக்களும் வேட்டையாடி வாழ்ந்த நிலம். சால்ட்டோ தலைவர் பெகுவிஸ் இவ்வேழை வந்தேறிகளுக்கு உணவும் காவலும் அளித்து உதவினார். 1817இல் செல்கர்க்கோடு உடன்படிக்கையும் செய்தார். பின்னாளில் அவரே அந்நிலம் தம் மக்களிடமிருந்து முறையாக விலைக்கு வாங்கப்படவில்லை என்று முறையிட நேர்ந்தது. அவருடைய சந்ததியார் 1907இல் தம் ஒதுக்கிடத்திலிருந்தும் பெயர்க்கப்பட்டனர். அப்பெயர்ப்புக்கு ஆதாரமான ஒப்படைப்பு செல்லாதது என்று கனடா அரசே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது.

கூரை இழந்தவர் பிறர் கூரையிழக்கக் காரணமாயினர். அவர்கள் கெட்டவர் அல்லர். பசித்துக் குளிரில் நடந்தவர். தம் ஊரில் ‘யாமே முன்னோர்’ என்று கண்ணீர் விட்டவர்க்கு, அயலூரில் மற்றொருவன் அதே சொல்லைச் சொன்னபோது அது காதில் விழவில்லை. முதற்குடி என்னும் உரிமை தன் வாயிலிருந்து வரும்போது மட்டும் தெளிவாகக் கேட்கும் இயல்புடையது போலும்.

இம்மலைநாட்டுக்கும் தமிழ்ப் பௌத்தர்க்கும் நேரான தொடர்பு ஒன்றும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சதர்லாந்துக்குத் தெற்கே, ராஸ் பகுதியில், ஃபைரிஷ் என்னும் குன்றின் உச்சியில் மூன்று வளைவுகள் கொண்ட கல்வாயில் ஒன்று நிற்கிறது. அதனை எழுப்பியவர் சர் ஹெக்டர் மன்ரோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராக 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவர். அதன் நினைவாக, நாகைக் கோட்டை வாயிலின் சாயலில் 1782இல் அதனைக் கட்டுவித்தார் என்பர். வேலையற்ற உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கிடைக்கச் செய்தார் என்று அவரைப் போற்றுவோரும் உளர். அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப்பண்ணையாருக்கும் சுற்றுப்புறக் குடிகளுக்கும் மூண்ட பூசலே 1792இல் மாவட்டம் முழுதும் பரவி, குடிகள் ஆடுகளை ஓட்டிச் செல்ல முயன்றதும் படை வந்து அவர்களை அடக்கியதுமாக முடிந்தது. அம்மனிதர் நாகையைப் பிடித்தபோது, இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்தின் எச்சமாகிய கோபுரம் அங்கே நின்றுகொண்டிருந்தது. மாலுமிகளுக்கு அது கரைகாட்டும் அடையாளம். 1867இல் அது இடிக்கப்பட்டது. நாகையின் புத்தவிகாரம் நாகையில் இல்லை. நாகை வாயிலின் சாயல், பத்தாயிரம் மைல் கடல்வழிக்கு அப்பால், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது.

இதனைப் படிக்கும்போது நம் நெஞ்சு துடிக்கிறது. துடிக்கத்தான் வேண்டும். ஏனெனில் நமக்கு வரலாறே இல்லை என்றல்லவா நெடுங்காலம் கூறப்பட்டது? அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், 1907 முதல் தம் வார இதழின் வாயிலாகப் பூர்வ பௌத்தர் வரலாற்றை விரித்ததும் அப்பொய்யை உடைக்கவே. அண்ணல் அம்பேத்கர் 1948இல் தம் நூலில், தீண்டாமைக்கு ஆளானோர் பௌத்தத்தைக் கைவிடாதிருந்தமையாலேயே ஒதுக்கப்பட்டனர் என்று வாதித்ததும் அவ்வழியே. அவர்கள் செய்தது பெருந்தொண்டு. திருடப்பட்ட ஒன்றைத் தேடுவோனைப் பார்த்து, பொருளாசை கூடாது என்று உபதேசிப்பவன் திருடனுக்குத் துணை போகிறான். பஞ்சமி நிலங்களை எடுத்துக்கொள்க. 1892இல் சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கிய நிலங்களுள் எத்தனையோ இன்று பிறர் கையில் உள்ளன. அவற்றை மீட்க வழக்காடும் உழவனிடம் சென்று, அனைத்தும் அநித்தியம், நிலத்தில் ஏன் பற்று வைக்கிறாய் என்று கூறுவோமாயின், நாம் தம்மத்தைத் திரித்தவராவோம். அங்கே பழைய ஆவணம் வேண்டும். அதனை இறுகப் பற்றிக்கொள்ளவும் வேண்டும்.

ஆயின் ஆவணம் வேறு, மனிதத்தன்மை வேறு. நிலத்துக்கு ஆவணம் கேட்கலாம். நான் உனக்கு நிகரான மனிதன் என்பதற்கு எவனும் ஆவணம் கேட்கத் தகாது. கேட்டாலும் நாம் காட்டத் தகாது. காட்டத் தொடங்கிய அக்கணமே, ஆவணம் இல்லாதவன் தாழ்ந்தவன் என்னும் அவனுடைய விதியை நாம் ஒப்புக்கொண்டவராகிறோம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் தம் மக்களுக்கு அளித்த உறுதிமொழிகளை எண்ணிப் பாருங்கள். மனிதர் யாவரும் சமம் என்பது அங்கே உண்டு. புதுப்பிறவி எடுக்கின்றோம் என்பது உண்டு. உன் பாட்டன் பௌத்தனாயிருந்தானா என்னும் வினா இல்லை. வரலாற்று நூல் எழுதிய அதே கை, தீட்சையின் வாயிலில் அவ்வரலாற்றைச் சுங்கமாக வைக்கவில்லை.

எம் நிலையையும் சிறிது கூறல் வேண்டும். யாம் கோலார் தங்கவயலில் வாழ்வோர். எம் பாட்டன்மார் வடஆர்க்காட்டு ஊர்களிலிருந்து, சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்துக் கூலி வேலை செய்ய வந்தனர். இம்மண்ணில் யாம் முதற்குடிகள் அல்லோம், இடையில் வந்தோர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. எஞ்சியவை லைன் வீடுகளும், பொன்னை எடுத்தபின் கொட்டிய அரைத்த கல்லின் சயனைடு மேடுகளும். மூவாயிரம் ஆண்டுகள் கழித்து யாரேனும் அம்மேடுகளைக் கண்டு, இவை கல்லறைகளா என ஐயுறக்கூடும். முழுப் பிழை என்று அவர்களைச் சொல்வதற்கில்லை. முதலில் வந்தவனுக்கே முறைமை என்றால், மூன்று தலைமுறை இங்கே நுரையீரலைத் தேய்த்த எமக்கு இங்கே என்ன முறைமை? விட்டு வந்த ஊரிலே யாம் சேரிக்காரர். வந்த ஊரிலே அயலார். அந்த அளவுகோலால் அளந்தால் எமக்கு நிற்க ஓரிடமும் இல்லை. இருந்தும் நிற்கின்றோம்.

அவ்விளைஞருக்கு யாம் அளித்த விடை ஏறக்குறைய இதுவே. முன்னோர் வரலாற்றைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். பொய்யன் வாயை அடைக்க அது பயன்படும். தலை நிமிர்வதற்கு அது காரணமாதல் வேண்டா. அவர் தலையசைத்தார். ஆனால் கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், நாற்பதாண்டு சுரங்கத்தில் உழைத்தவர், எழுந்து சொன்னதை யாம் மறைக்க விரும்பவில்லை. “நீங்கள் சொல்வது வழக்குமன்றத்துக்குச் சரி. ஆனால் பசித்த பிள்ளைக்குச் சோற்றைப் போலவே அவமானப்பட்ட பிள்ளைக்குப் பாட்டன் கதை வேண்டும். மற்றவர் எல்லாரும் தத்தம் பாட்டன் கதையை வைத்துக்கொண்டிருக்கும்போது, எங்களை மட்டும் முதலில் கீழே வைக்கச் சொல்கிறீர்களே?” என்றார்.

இதற்கு முழு விடை எம்மிடம் இல்லை. பாட்டன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். அதில் பாட்டன் கல் பொறுக்கியதையும் சேர்த்துச் சொல்லலாம் என்ற அளவில் மட்டும் அன்று கூறினோம். பெரியவர் நிறைவுற்றதாகத் தெரியவில்லை. வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறன்று அக்கஞ்ஞ சுத்தத்தை முதலிலிருந்து இறுதிவரை வகுப்பில் வாசிக்க எண்ணியுள்ளோம். இளைஞரும் பெரியவரும் வருவதாக இசைந்துள்ளனர்.